வலப்பக்கம் திருப்பினால் மரணம்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

1994. ஒரு திங்கட்கிழமை. காலை ஏழு ஐம்பது.

'லெம்பா ஆயர்' குடிநீர்க் கம்பெனியின் கிள்ளான் கிளையில் சுவிட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பாதிதான் பிரித்திருந்தாள் சீதாலெட்சுமி. வயது நாற்பத்தொன்பது. அதில் இருபத்தாறு வருஷம் இந்த நாற்காலியிலேயே போய்விட்டது.

"லெம்பா ஆயர், குட்மார்னிங்..."

"குட்மார்னிங்காவது மண்ணாவது! சீதாக்கா... நான் பக்கிரிசாமி... புக்கிட் லாலாங் தொட்டியிலருந்து பேசறேன்!"

மலைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கு வாட்ச்மேன் அவன்.

"என்னப்பா, ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"நேத்து எனக்கு லீவு, இப்பத்தான் வந்தேன்... மூணாம் நம்பர் தொட்டி ரொம்பி வழியுதுக்கா! மலையெல்லாம் ஆறா ஓடுது!"

"அதுக்கு ஏன் அழற? பைப் செக்‌ஷனுக்கு லைன் குடுக்கறேன், இரு."

"பைப் செக்‌ஷன்ல யாருக்கா இருக்கா? எல்லாத்தையும்தான் வீட்டுக்கு அனுப்பியாச்சே! அது இல்லக்கா... மூடியத் தொறந்து எட்டிப் பாத்தேன்... உள்ள..."

"உள்ள?"

"டை மெதக்குதுக்கா!"

"டையா?"

"டைக்குக் கீழ ஆளும் மெதக்கறாரு! பெர்சனல் மேனேஜர்... மீனாட்சிசுந்தரம்!"

நாசி லெமாக் கீழே விழுந்தது.

சீதாலெட்சுமிக்கு அந்த ஆளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்திருந்தால்தான் அதிசயம்!

லெம்பா ஆயர் ஒரு காலத்தில் சர்க்கார் இலாகா. அப்புறம் கம்பெனி ஆனது. கம்பெனி ஆனதும் சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் காய்வதற்குள் 'மறுசீரமைப்பு' வந்தது. மாதக் கடைசிக்குள் இருநூறு பேர் கழிய வேண்டும்!

அதற்கு வி.எஸ்.எஸ். என்று பெயர். விருப்ப விலகல் திட்டம்.

விருப்பம் யாருடையது என்பதை மட்டும் பாரத்தில் எங்கேயும் போடவில்லை.

'விருப்பம் இல்லை' என்று சொன்ன கிள்ளான்காரனைச் செமினிக்கு மாற்றினார்கள். செமினிக்காரனைக் காப்பாருக்கு. அப்படியும் அசையாதவனுக்கு நாற்காலியை எடுத்துவிட்டார்கள். நின்றுகொண்டே வேலை பார்த்து, மூன்றாம் நாள் தானாகவே 'விருப்பம்' வந்துவிடும்!

இந்தத் திருப்பணியைக் கிள்ளானில் நடத்தியவர்தான் இப்போது மிதக்கிற மீனாட்சிசுந்தரம்.

சீதாலெட்சுமிக்குத் திக்கென்றது வேறு காரணத்துக்காக.

வெள்ளிக்கிழமை!

வெள்ளிக்கிழமை அவள் புருஷன் ரெங்கசாமி என்ன சொன்னான் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

ரெங்கசாமி வால்வு ஆள். முப்பது வருஷமாகக் கிள்ளானின் தண்ணீரை அடைக்கவும் திறக்கவும் செய்கிறவன். அவனுக்கு அன்று ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் விருப்ப விலகல் மனமகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

நேரே மேனேஜர் அறைக்குப் போனான். கதவைச் சாத்தவில்லை.

"சார், நான் எப்ப சார் விருப்பப்பட்டேன்?"

"பாரத்துல கையெழுத்துப் போட்டிருக்கியேப்பா. அப்புறம் என்ன தகராறு?"

"கையெழுத்தா? சார், நான் கைநாட்டு! இங்க பாருங்க, கட்டைவிரல்! முப்பது வருஷமா சம்பளத்துக்கு இதைத்தான் அமுக்கறேன்! இந்தப் பாரத்துல என்னமோ இங்கிலீஷ்ல பாம்பு மாதிரி நெளியுது!"

மீனாட்சிசுந்தரத்தின் முகம் வெளுத்துப் போயிற்று.

பாவம்! பள்ளிக்கூடம் பார்க்காதவனுக்கு இங்கிலீஷ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புண்ணியவான்! திருட்டைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத இவர்களை நம்பித்தான் ஒரு ஊர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழமை லேபர் ஆபீஸ் போறேன்! உன்னைச் சும்மா விடமாட்டேன்டா! அந்தத் தொட்டித் தண்ணியிலேயே முக்கி எடுத்துடுவேன்!"

கேட்டவர்கள் நாற்பது பேர்.

அதனால் திங்கட்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் ரெங்கசாமியின் கையில் விலங்கு.

*

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் சின்னையா சுவிட்ச்போர்டு அறைக்கு வந்தார். வழுக்கை. தொந்தி. வாயில் ஒரு புளிப்பு மிட்டாய்.

"அக்கா, உக்காரலாமா?"

"உக்காருங்க. இந்தக் கம்பெனியில இன்னும் நாற்காலி மிச்சம் இருக்கறது இங்க மட்டும்தான்."

"விஷயத்தைச் சொல்லிடறேன். மீனாட்சிசுந்தரம் நேத்து, ஞாயித்துக்கிழமை செத்திருக்காரு. கைக்கடிகாரம் நாலு மணி அஞ்சு நிமிஷத்துல நின்னுருக்கு. தொட்டியக் கழுவறதுக்காகக் காலியா விட்டிருந்தாங்க. அவர யாரோ ஏதோ சாக்குச் சொல்லி ஏணி வழியா உள்ள எறக்கியிருக்கான். அப்புறம் ஏணிய மேல இழுத்துட்டு, தண்ணியத் தொறந்து விட்டிருக்கான். அவருக்கு நீச்சல் தெரியாது."

"தண்ணிக் கம்பெனி மேனேஜருக்கு நீச்சல் தெரியாது. பேஷ்!"

"உங்க வீட்டுக்காரரு நேத்து மத்தியானம் எங்க இருந்தாரு?"

"காப்பார் கடலோரம். மீன் பிடிக்கப் போனாரு."

"சாட்சி?"

"மீனுங்கதான்."

இன்ஸ்பெக்டர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"அவருக்குக் கொலை பண்ண ஆத்திரம் இருந்துச்சு. மிரட்டினதுக்கு நாப்பது சாட்சி இருக்கு. இதுவாச்சும் பரவால்ல. ஸ்டேஷன்ல அவரே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டாரு லா."

"என்ன சொன்னாரு?"

"காலையிலருந்து அந்த வால்வ மூட முடியல. ஒன்பது பேரு சக்கரத்தப் புடிச்சுத் தொங்கியாச்சு, அசையல. கைரேகையும் போச்சு. 'ஏன்யா அது இப்படி இறுகிக் கிடக்கு?'னு சும்மா கேட்டேன். 'சார், மூணாம் நம்பரு வெள்ளக்காரன் காலத்து வால்வு. மத்ததெல்லாம் இடப்பக்கம் திருப்பினாத் தொறக்கும், வலப்பக்கம் திருப்பினா மூடும். இது மட்டும் தலைகீழ். வலப்பக்கம் திருப்பினாத்தான் தொறக்கும்'னாரு."

சீதாலெட்சுமி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"'இது வேற யாருக்குத் தெரியும்?'னு கேட்டேன். 'நாலு பேருக்குத் தெரியும் சார். மூணு பேரு வி.எஸ்.எஸ்.ல போயிட்டாங்க. மிச்சம் நான்தான்'னு பெருமையாச் சொல்றாரு! அந்த மூணு பேரையும் விசாரிச்சாச்சு. ரெண்டு பேரு ஈப்போவுல கல்யாண வீடு. ஒருத்தரு ஆஸ்பத்திரி."

"கடவுளே... அந்த மனுஷனுக்கு உண்மைய எங்க நிறுத்தணும்னே தெரியாது."

"நாலுல மூணு கழிஞ்சா மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணுக்குத் தூக்கு. ஸாரி அக்கா."

எழுந்தார்.

"நில்லுங்க சார்!"

குரல் அவளுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம்.

"நாலு இல்ல. அஞ்சு. வீட்டுக்காரரு சொல்லி எனக்கும் தெரியும்."

"அக்கா! புருஷனக் காப்பாத்தறதுக்காக நீங்க..."

"முழுசாக் கேளுங்க! நேத்து குழாய்ப் புகார் எடுக்க எனக்கு டியூட்டி. மூணாம் நம்பர் வால்வு அறையில ஒரு போன் இருக்கு. எடுத்தாப் போதும், இங்க என் போர்டுலதான் அடிக்கும். நேத்து அடிச்சுது!"

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரு அழைப்பு விடாமல் எழுதி வைக்கிற இருபத்தாறு வருஷப் பழக்கம்.

'3.40. தொட்டி 3. வால்வு எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன்.'

இன்ஸ்பெக்டரின் மிட்டாய் நின்றது.

"யாரு பேசினது?"

"பேரு சொல்லல. வாயில துணி வெச்ச மாதிரி குரல். மலாயில பேசினான். 'காக், வால்வு கெத்தாட் லா, பூசிங் மானா?'ன்னான். வால்வு இறுகிக் கிடக்கு, எந்தப் பக்கம் திருப்பணும்னு கேட்டான். கழுவ வந்த காண்ட்ராக்டர் ஆளுன்னு நெனச்சேன். 'கானான்'னு சொன்னேன்... வலப்பக்கம்னு..."

அவள் குரல் உடைந்தது.

"பின்னால ஒரு சத்தம் கேட்டுச்சு சார். குடத்துக்குள்ள தலைய விட்டுக் கத்தற மாதிரி. ரேடியோன்னு நெனச்சுட்டேன்... அந்த ஆளு உயிரோட கத்திக்கிட்டு இருந்திருக்காரு... நான் இங்க உக்காந்து வழி சொல்லிக் குடுத்திருக்கேன்!"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடி அவள் பக்கமே தள்ளினார்.

"அக்கா, நான் நம்பறேன். கோர்ட்டு நம்பாது. பொண்டாட்டி எழுதின நோட்டு."

"அவன் கூலிக்காரன் இல்ல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"வழி சொன்னதும் டொக்குனு வெச்சுட்டான். தெரிமா காசி கூடக் கெடையாது. கூலிக்காரன் யாரும் எனக்கு நன்றி சொல்லாம போனை வெச்சதில்ல. ஆபீசருங்கதான் வெப்பாங்க."

இன்ஸ்பெக்டர் மறுபடி உட்கார்ந்தார்.

"எந்த ஆபீசர்?"

"சனிக்கிழமை காலையில மீனாட்சிசுந்தரம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஹெட் ஆபீசுக்கு ஒரு லைன் கேட்டாரு. நான் ஒட்டுக் கேக்கல. காதுல விழுந்துச்சு."

"விழும், விழும். என்ன விழுந்துச்சு?"

"'பதிமூணு பாரத்துல நான் கையெழுத்துப் போட்டது நீங்க சொன்னதாலதான். ரெங்கசாமி லேபர் ஆபீஸ் போறான். அவனுக்கு முன்னாடி நானே போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்'னு அழுதாரு. அந்தப் பக்கத்து ஆளு 'அவசரப்படாத, ஞாயித்துக்கிழமை நேர்ல பேசுவோம்'னாரு."

"அந்தப் பக்கத்து ஆளு?"

"மறுசீரமைப்பு டைரக்டர். தியாகராஜன்."

இன்ஸ்பெக்டர் மெல்ல விசிலடித்தார்.

"இதையெல்லாம் அவரு ஒத்துக்கணுமே..."

"ஒத்துக்க வேணாம். அந்த ஆளுக்கு ஒரு வியாதி இருக்கு சார். தனக்குத் தெரிஞ்சது அடுத்தவனுக்குத் தெரியலேன்னா, அவரால வாய மூடிக்கிட்டு நிக்க முடியாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த வால்வு தலைகீழுங்கறத யாருக்கும் சொல்லாதீங்க. தண்ணி வழியட்டும். அவரை மலைக்கு வரச் சொல்லுங்க!"

*

மத்தியானம் இரண்டு மணி.

புக்கிட் லாலாங் மலையே அருவியாக இருந்தது.

தண்ணீர் தொட்டியிலிருந்து பொங்கி, சாக்கடையை மீறி, பாதை வழியாகக் கீழே உருண்டது. காலையிலிருந்து பாதிக் கிள்ளானுக்குக் குழாயில் காற்று. மலைக்கு மட்டும் முழுக் குளியல்!

கறுப்பு வோல்வோ ஒன்று ஏறி வந்தது. இன்ஸ்பெக்டரே கையைக் காட்டி, பள்ளமான ஓர் இடமாகப் பார்த்து நிறுத்த வைத்தார்.

தியாகராஜன் இறங்கினார். லண்டன் சூட்டு. பாரிஸ் செண்டு. ஈரத்தில் மிதித்த இத்தாலி ஷூவைப் பார்த்து முகம் சுளித்தார். செத்தவருக்காக இன்னும் சுளிக்கவில்லை.

"வெரி சேட், இன்ஸ்பெக்டர். பாவம் மீனாட்சி. நல்ல வொர்க்கர். அந்த வால்வ்காரனைப் புடிச்சாச்சுதானே? தென் வை ஆம் ஐ ஹியர்?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, பாஸ். நேத்து எங்க இருந்தீங்க?"

"வீட்டில. பங்சார்ல."

"இந்தத் தொட்டிக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

"நானா? இந்தக் காட்டுக்கா?" சிரித்தார். "ஐ ஆம் ஸ்ட்ராட்டஜி, இன்ஸ்பெக்டர். தொட்டி எப்படி இருக்கும்னே இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"எழுதிக்கோ," என்றார் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டான்.

தியாகராஜனின் பார்வை ஓரமாக நின்ற சீதாலெட்சுமிமேல் பட்டது. நகர்ந்தது. கதவை, தூணைப் பார்க்கிற மாதிரி.

"இது யாரு?"

"குற்றவாளியோட சம்சாரம். உங்க ஸ்டாஃப்தான் பாஸ். ஆபரேட்டர்."

"ஓ. அடுத்த மாசம் அந்த ஹெட்கவுன்ட்டும் போயிடும். மெஷின் வருது."

ஹெட்கவுன்ட்! ஒரு பொம்பிளை முழுசாக நிற்கிறாள், இவர் தலையை மட்டும் எண்ணுகிறார்.

வால்வு அறையில் இரண்டு கான்ஸ்டபிள்கள் சக்கரத்தைக் கட்டிப் பிடித்து வலப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தார்கள். வியர்வை ஊற்றியது. சக்கரம் ஊஹூம்!

"இன்னும் வேகமா! வலப்பக்கம்! வலப்பக்கம்!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"அசையல சார்!"

"பலமாத் திருகுய்யா! சாப்பிடலியா?"

தண்ணீர் வோல்வோவின் சக்கரத்தைத் தொட்டது.

தியாகராஜன் ஒருமுறை காரைப் பார்த்தார். ஒருமுறை வால்வைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், அதை மூடச் சொல்லுங்க."

"அதைத்தானே பாஸ் பண்றோம்? வலப்பக்கம், வலப்பக்கம்!"

தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு ஏறியது.

"என் கார்..."

"கஷ்டந்தான் பாஸ். காருன்னா தொடச்சுக்கலாம். வலப்பக்கம்! இன்னும்!"

தண்ணீர் கதவிடுக்கில் நுழைந்தது. உள்ளே தோல் சீட்டு!

தியாகராஜனின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்...

"டேய் மடையனுங்களா! அந்தப் பக்கம் இல்லடா! இடப்பக்கம்! இடப்பக்கம் திருப்புங்கடா! ஒரு வால்வ மூடத் தெரியல... இதுக்குத்தான்டா உங்கள மாதிரி ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பறது!"

ஒரு கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டு, அவரே சக்கரத்தைப் பிடித்தார். இடப்பக்கம் ஒரு சுற்று. இரண்டு சுற்று. பத்து சுற்று!

தண்ணீரின் இரைச்சல் குறைந்தது... குறைந்தது... நின்றது.

மலை முழுக்க அமைதி.

அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம். இன்ஸ்பெக்டர் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார்.

"சபாஷ், பாஸ்! காலையிலருந்து பதினோரு பேரு திணறிட்டோம். ஊர்ல உள்ள எல்லா வால்வும் வலப்பக்கம் திருப்பினா மூடும். இது மட்டும் இடப்பக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தொட்டியவே இன்னிக்குத்தானே பாக்கறீங்க?"

தியாகராஜனின் கை சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது... ஜெனரல் நாலெட்ஜ்..."

"வெள்ளக்காரன் வெச்ச வால்வு. உங்க ஹெட் ஆபீஸ் புக்குலயே இல்ல. கேட்டாச்சு."

"யாரோ சொன்னாங்க. ஸ்டாஃப் யாராவது..."

"எந்த ஸ்டாஃபு?"

"சம் வால்வ்மேன்! பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குமா?"

சீதாலெட்சுமி முன்னால் வந்தாள்.

"வால்வு ஆளு நாலே நாலு பேரு, பாஸ். ஒருத்தரையாவது நேர்ல பாத்திருக்கீங்களா? நீங்க அவங்களப் பாத்தது லிஸ்ட்டுலதான். அதுவும் பேர அடிக்கறதுக்கு. உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கக்கூடிய ஒவ்வொரு மனுஷனையும் நீங்களே ஒழிச்சுக் கட்டிட்டீங்களே!"

"ஏய்! ஆபரேட்டர் ஆபரேட்டரா இரு!"

"அப்படித்தான் பாஸ் இருந்தேன். நேத்து மூணு நாப்பதுக்கு."

"என்ன?"

"உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு ஞாபகம் இல்லேன்னீங்க. நான் ஞாபகப்படுத்தட்டா?" அவள் குரல் மாறியது. சுவிட்ச்போர்டுக் குரல். குழைவு, பணிவு, மலாய். "கானான், எஞ்சே. பூசிங் கானான்..."

தியாகராஜனின் முகம் வெளிறிப் போயிற்று.

"நீயா அது?" என்றார். "நான் யாரோ மலாய்க்காரப் பொம்பளைன்னு..."

பாதியில் நிறுத்தினார்.

நிறுத்தி என்ன பயன்? வால்வு என்றால் மூடலாம். வாய் திறந்தது திறந்ததுதான்!

"எழுதிக்கோ," என்றார் இன்ஸ்பெக்டர்.

கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டான். இன்னொருவன் விலங்கை எடுத்தான்.

*

சாயங்காலம் ஆறு மணிக்கு ரெங்கசாமி ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தான்.

சீதாலெட்சுமி வாசலில் நின்றாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை.

"ஏங்க, வால்வு கதைய எல்லாம் போலீஸ்ல சொல்லச் சொல்லி உங்களை யாரு கேட்டா?"

"இன்ஸ்பெக்டர் கேட்டாரு. சொன்னேன்."

"தூக்குக் கயிறு எவ்வளவு நீளம்னு கேட்டிருந்தா, கழுத்தையும் அளந்து காட்டியிருப்பீங்க!"

"சரி சரி... சாப்பிட்டியா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மீனாட்சிசுந்தரத்தின் மேசை இழுப்பறையில் பதிமூன்று பாரங்களும் கிடைத்தன. பதிமூன்று பேர். ஒரே பாம்பு, பதிமூன்று நெளிவு. தியாகராஜனுக்குக் கணக்கு இருநூறு. விருப்பம் வந்தவர்கள் நூற்றெண்பத்தேழு. குறைந்த பதிமூன்றை நிரப்பத்தான் அந்தக் கையெழுத்து. அது நிரம்பியிருந்தால் அவருக்குத் தலைமை நாற்காலி!

பதிமூன்று பேரையும் கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. 'ஒரு சிறு நிர்வாகப் பிழை நேர்ந்துவிட்டது' என்று கடிதம். அந்தச் சிறு பிழையில் ஒருவர் செத்திருந்தார். இன்னொருவர் தூக்குவரை போய்த் திரும்பியிருந்தார். வருத்தம் தெரிவிக்கிற பழக்கம் மட்டும் அந்தக் கம்பெனிக்குக் கடைசிவரை வரவில்லை.

மூன்று வாரம் கழித்து...

ட்ரிங்... ட்ரிங்...

"லெம்பா ஆயர், குட்மார்னிங்..."

"ஹலோ! நான் பிரிக்ஃபீல்ட்ஸ்லருந்து வந்திருக்கற புது டைரக்டர். மலைமேல நிக்கறேன். இந்த மூணாம் நம்பர் வால்வ் ஏன் இப்படி இருக்கு? எந்தப் பக்கம்மா திருப்பறது?"

சீதாலெட்சுமி நாசி லெமாக்கை ஒரு வாய் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"அது தெரிஞ்சவங்க இப்ப கம்பெனி ஆளுங்கள்ல மூணே பேரு, சார். ஒருத்தரு என் வீட்டுக்காரரு. அவரு இன்னிக்கு லீவு, மீன் பிடிக்கப் போயிட்டாரு. இன்னொருத்தி நானு. ஆனா ஆபரேட்டர் வால்வு விஷயம் பேசக்கூடாதுன்னு போன வாரம் நீங்கதான் சர்க்குலர் போட்டீங்க."

"சரி, மூணாவது ஆள்?"

"உங்க நாற்காலியில முன்னாடி இருந்தவருதான். புடு ஜெயில்ல இருக்காரு. லைன் குடுக்கட்டுமா, சார்?"